காவல் நிலையத்துக்கும் பகுதி மக்களுக்கும் இடையே நம்பிக்கையை வளர்ப்பது எப்படி: ஓராண்டுக்கான முழுமையான வழிகாட்டி

காவல் துறைக்கும் மக்களுக்கும் நடுவே நம்பிக்கை வளர வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் பல இடங்களில் முதலில் ஏற்பாடாவது நட்புறவுக் கால்பந்துப் போட்டியோ மாணவர்களுக்கான ஓவியப் போட்டியோதான். இவற்றில் தவறு ஏதுமில்லை. ஆனால் புகார் கொடுக்க வந்தவரை மாலை வரை நிற்க வைத்து, "நாளைக்கு வா" என்று அனுப்பிவிடும் நிலையத்தில் இவை எல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீர். நம்பிக்கை உண்டாவதும் உடைவதும் புகார் மேசையில், சாலையில் வண்டியை நிறுத்தும் இரண்டு நிமிடத்தில், புகார் கொடுத்து ஒரு மாதமாகியும் வராத தொலைபேசி அழைப்பில்.

கெட்ட அனுபவமும் நல்ல அனுபவமும் சம எடை கொண்டவை அல்ல. சிகாகோ காவல் துறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த வெஸ்லி ஸ்கோகன் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், காவலர்களிடம் பட்ட கெட்ட அனுபவம் மக்கள் கருத்தை நல்ல அனுபவத்தைவிட 4 முதல் 14 மடங்கு வரை அதிகமாகப் பாதிப்பதாகக் கண்டார். எனவே முதலில் இழப்பை நிறுத்த வேண்டும், புதிதாகக் கட்டுவது அதன் பிறகு. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் செல்கிறது. ஒரு காவல் நிலையத்தின் எல்லையை அலகாக எடுத்துக்கொண்டு, நிலைய அதிகாரிக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் பகுதியின் குடியிருப்போர் அமைப்புகளுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.

மக்கள் எதை வைத்து எடைபோடுகிறார்கள்

1980களில் சிகாகோ மக்களிடம் உளவியலாளர் டாம் டைலர் நடத்திய ஆய்வும், அதைத் தொடர்ந்து பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் ஏறக்குறைய ஒரே விடையைத் தந்தன. தனக்குச் சாதகமான முடிவு கிடைத்ததா என்பதைவிடத் தன்னை எப்படி நடத்தினார்கள் என்பதே காவல் துறை மீதான மதிப்பை அதிகம் தீர்மானிக்கிறது. மக்கள் பார்ப்பது நான்கு விஷயங்களை: தன் பேச்சைக் கேட்டார்களா, ஆள் பார்த்து நடந்தார்களா, மரியாதை கொடுத்தார்களா, தன் நலனை மனத்தில் வைத்து முடிவெடுத்தார்களா. அபராதம் கட்டியவர்கூட "முறையாகத்தான் நடந்துகொண்டார்கள்" என்று சொல்லிக்கொண்டு போக முடியும் என்பதற்குக் காரணம் இதுதான்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. காரணமே இல்லாமல் ஒருவரை நிறுத்திவிட்டு "ஐயா, தயவுசெய்து" என்று பேசினால் அந்தச் சோதனை நியாயமாகிவிடாது. திருட்டு வழக்கைக் கிடப்பில் போட்டுவிட்டு இனிமையாகப் பதில் சொல்வதும் பயன் தராது. நடத்தையும் வேண்டும், வேலையும் நடக்க வேண்டும்.

தொடங்கும் முன்: மேலிடத்திலிருந்து எழுத்தில் வாங்க வேண்டியவை

பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில், காவலர்கள் பகுதி மக்களோடு சேர்ந்து பிரச்சினைகளைத் தீர்க்கும் சமூகக் காவல் திட்டங்களை ஒரே முறையில் சோதித்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. மக்களின் நம்பிக்கையும் கூடவில்லை, குற்றமும் குறையவில்லை. ஆய்வாளர்கள் சுட்டிய காரணங்கள்: தலைமையின் ஆதரவு தொடரவில்லை, அதிகாரிகளும் காவலர்களும் அடிக்கடி மாற்றப்பட்டார்கள், மக்கள் சொன்ன பிரச்சினைகளைத் தீர்க்க ஆளும் வசதியும் தரப்படவில்லை. திட்டத்தைத் தொடங்குகிற எவரும் இந்த முடிவை முதலில் படிக்க வேண்டும்.

ஆகவே மூன்று உறுதிகளை மேலதிகாரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிலைய அதிகாரியும் பகுதிக் காவலர்களும் (ஒரு குறிப்பிட்ட பகுதிக்கென்றே ஒதுக்கப்படுபவர்கள்) குறைந்தது ஓராண்டுக்கு, முடிந்தால் இரண்டாண்டுக்கு, இடமாற்றம் செய்யப்படக் கூடாது. பகுதிக் காவலரை மாதத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் பாதுகாப்புப் பணி போன்ற வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது. பதிவாகும் புகார்களின் எண்ணிக்கை கூடினால் அதை நிலையத்தின் தோல்வியாகக் கருதக் கூடாது.

மூன்றாவது உறுதி இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வீண். "சென்ற ஆண்டைவிட ஏன் இவ்வளவு வழக்கு?" என்று மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி கடிந்துகொண்டால், மறுநாளே புகார் மேசையில் இருப்பவர் புகாரை வாங்காமல் அனுப்பத் தொடங்கிவிடுவார். அவர் கெட்டவர் என்பதால் அல்ல. எண்ணிக்கை ஏறினால் திட்டு விழும் என்று அவருக்குத் தெரியும். நம்பிக்கை வளரும் இடத்தில் முதல் ஆறு மாதத்தில் புகார்கள் கூடத்தான் செய்யும். இதுவரை சொல்லாமல் இருந்தவர்கள் சொல்ல வருவார்கள்.

முதல் நான்கு வாரம்: நிலவரத்தை அளப்பது

கடந்த 12 மாதப் பதிவேடுகளை எடுங்கள்: அவசர அழைப்புகள், புகார்கள், வாகன மற்றும் உடல் சோதனைகள், காவலர்கள் மீதான குற்றச்சாட்டுகள். ஒவ்வொன்றையும் தெருவாரியாகவும் நேரவாரியாகவும் பிரித்து வரைபடத்தில் குறியுங்கள். அழைப்பு அதிகம் வரும் இடம் யார் கண்ணிலும் படும். நீங்கள் தேட வேண்டியது அமைதியான இடத்தை. மக்கள் நெருக்கமாக வாழும் ஒரு குடியிருப்பிலிருந்து ஆண்டு முழுவதும் இரண்டே அழைப்பு வந்திருந்தால், அங்கே குற்றம் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அங்கேதான் நம்பிக்கை மிகக் குறைவாக இருக்கும்.

அடுத்து, புகார் கொடுத்தவர்களில் ஒவ்வொரு பத்தாவது பெயரையும் எடுத்து 60 பேர் கொண்ட பட்டியல் தயாரியுங்கள். சோதனைக்கு உள்ளானவர்களில் 40 பேரை அதே முறையில் சேருங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் ஆறு போதும்:

1. சொல்ல வந்ததை முழுதும் சொல்ல விட்டார்களா?
2. எடுத்த முடிவுக்குக் காரணம் சொன்னார்களா?
3. மற்றவர்களை நடத்துவது போலவே உங்களையும் நடத்தினார்களா?
4. மரியாதையாகப் பேசினார்களா?
5. அடுத்து என்ன நடக்கும், யாரைத் தொடர்புகொள்வது என்று சொன்னார்களா?
6. இன்னொரு பிரச்சினை வந்தால் இதே நிலையத்துக்கு வருவீர்களா?

கேட்பவர் அந்த நிலையத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தன்னார்வ அமைப்பினர் யாரேனும் செய்யலாம். சீருடையில் ஒருவர் வீட்டு வாசலில் நின்று "திருப்தியாக இருக்கிறீர்களா?" என்று கேட்டால் எவரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். அந்த "ஆமாம்" எதற்கும் உதவாது. யார் என்ன சொன்னார்கள் என்ற விவரம் நிலையத்துக்குப் போகாது, கூட்டுத்தொகை மட்டுமே போகும் என்று முதலிலேயே சொல்லி, அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

புகார் மேசை: முதல் மாற்றம் இங்கே

செலவு குறைவு, பலன் அதிகம் என்ற கணக்கில் பார்த்தால் இதற்கு நிகரான இடம் நிலையத்தில் வேறு இல்லை. எனவே இரண்டாம் மாதம் முழுவதையும் இதற்கே ஒதுக்குங்கள்.

வருபவர் உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், பெண்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை, அடுத்தவர் காதில் விழாமல் பேச ஒரு மறைவான இடம். இந்த நான்கும் இல்லாமல் மற்றவற்றைப் பேசிப் பயனில்லை. வீட்டு வன்முறையோ பாலியல் குற்றமோ சொல்ல வந்தவர், வரிசையில் பத்துப் பேர் கேட்க நின்றுகொண்டு பேச மாட்டார், திரும்பிப் போய்விடுவார். அவர் வந்து போனதும் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

வந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் ஒருவர் பார்த்துப் பேச வேண்டும். உடனே புகார் எழுத முடியாவிட்டால் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டும். யாரையும் ஒருமையில் அழைக்கக் கூடாது, சந்தேக நபரையும் சேர்த்துத்தான். முதல் மூன்று நிமிடம் குறுக்கிடாமல் கேளுங்கள். வரிசை மாறி, நடுவில் தொடங்கி, அழுதுகொண்டே சொல்வார்கள். குறுக்குக் கேள்வியை முதல் வாக்கியத்திலேயே தொடங்கினால் அது விசாரணை போல ஆகிவிடும். பாதிக்கப்பட்டவர் தன்னையே சந்தேகிக்கிறார்கள் என்று நினைத்து முக்கியமான விவரத்தை விட்டுவிடுவார்.

எழுதியதைப் படித்துக் காட்டி, திருத்தம் கேட்டு, பிறகே கையெழுத்து வாங்குங்கள். அவர் கையில் ஒரு ரசீது போக வேண்டும். அதில் புகார் எண், விசாரிக்கும் அதிகாரியின் பெயர், தொலைபேசி எண், அடுத்த தகவல் எந்தத் தேதியில் வரும் என்ற நான்கு விவரமும் இருக்க வேண்டும். புகார் சட்டப்படி காவல் துறையின் எல்லைக்குள் வராத விஷயமாக இருந்தால், அதையும் எழுதி, எங்கே போக வேண்டும் என்ற முகவரியோடு கொடுங்கள். "இது எங்க வேலை இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்புவது, புகாரை வாங்க மறுத்ததாகவே ஊரில் பேசப்படும்.

பிறகு வருவது பெரும்பாலான நிலையங்கள் கோட்டை விடும் இடம். மூன்றாம் நாள், 14ஆம் நாள், 30ஆம் நாள் என மூன்று அழைப்புகள், சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும். "இதுவரை யாரும் சிக்கவில்லை. பக்கத்துத் தெருக் கண்காணிப்புக் கேமரா பதிவைப் பார்த்தோம், தெளிவாக இல்லை. 30ஆம் தேதிக்குள் மறுபடியும் பேசுகிறேன்" என்பதே முழுமையான பதில். பொருள் திரும்பக் கிடைக்காதவர்கள்கூட இந்த அழைப்பை நினைவில் வைத்திருப்பார்கள். பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் புகார் கொடுத்தவர் ஒரு காரணத்தைத் தானே கற்பித்துக்கொள்வார்: லஞ்சம் வாங்கிவிட்டார்கள், எதிர்த்தரப்புக்கு ஆள் பலம் இருக்கிறது, நம்மை மதிக்கவில்லை.

இதில் என்ன தவறும்? ஒரு மாதத்தில் பதிவேடு முழுக்க "தொடர்புகொள்ள முடியவில்லை" என்று நிரம்பிவிடும். அதைத் தடுக்க, நிலைய அதிகாரி வாரம் ஐந்து புகார்தாரர்களைத் தற்செயலாகத் தேர்ந்து தானே அழைக்க வேண்டும். இருபது நிமிட வேலை. அது நடக்கிறது என்று தெரிந்தாலே பதிவேடு சீராகிவிடும்.

சாலையில் நிறுத்தும்போது

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரே வரிசை: வணக்கம், பெயரும் நிலையமும், நிறுத்திய காரணம், அவர் பதில் சொல்ல வாய்ப்பு, முடிவு, முடிவுக்கான காரணம், நன்றி. காரணத்தை முதல் அரை நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். "வண்டியை ஓரங்கட்டு, காகிதத்தை எடு" என்று தொடங்கி ஐந்து நிமிடம் கழித்துக் காரணம் சொன்னால், அதற்குள் அவர் தானாக ஒரு காரணத்தை முடிவு செய்திருப்பார்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், குடித்துவிட்டு ஓட்டுபவர்களைக் கண்டறியும் 60 மூச்சுச் சோதனைச் சாவடிகளைப் பாதி பாதியாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். 30 சாவடிகளில் வழக்கம் போல. மற்ற 30இல் காரணத்தை விளக்கி, கருத்துக் கேட்டு, மரியாதையோடு. இரண்டாவது வகைச் சாவடியைக் கடந்த ஓட்டுநர்கள் காவல் துறை மீது வைத்த மதிப்பு கூடியது. இதே முறையை ஸ்காட்லாந்தில் செய்தபோது பலன் தலைகீழானது: புதிய முறையில் நடத்தப்பட்டவர்களின் நம்பிக்கை சற்றுக் குறைந்தது. பிறகு ஆராய்ந்தபோது, திட்டம் காவலர்களுக்குச் சரியாக விளக்கப்படவில்லை என்பதும், மேலிடம் தங்கள் வேலையைக் குறை சொல்வதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதும் தெரியவந்தது. இந்த இரண்டு ஆய்வையும் சேர்த்தே படிக்க வேண்டும். வார்த்தைகளை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் மனமில்லாமல்தான் ஒப்பிப்பார்கள். அந்த மனமின்மை எதிரே நிற்பவருக்கு உடனே தெரிந்துவிடும். காவலர்களை உட்கார வைத்து, "உன் தம்பியை யாராவது நிறுத்தினால் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பாய்?" என்று கேட்டு, வாசகத்தை அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு சோதனைக்கும் சிறு சீட்டு: நேரம், இடம், காரணம், முடிவு, காவலர் எண். ஒரு படி சோதிக்கப்பட்டவருக்கு. மாதக் கடைசியில் இவற்றைக் கூட்டி இரண்டு விகிதங்களைப் பாருங்கள்: எந்தப் பகுதியினர், எந்த வயதினர் எத்தனை முறை நிறுத்தப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேரிடம் ஏதேனும் சிக்கியது. எடுத்துக்காட்டாக, ஒரு பகுதியில் 100 சோதனைக்கு 12 பேரிடம் பொருள் சிக்கி, இன்னொரு பகுதியில் 100க்கு 4 பேரிடம் மட்டுமே சிக்கினால், இரண்டாம் பகுதியில் பலவீனமான காரணத்துக்கே நிறுத்துகிறீர்கள் என்று பொருள். அங்கே 96 பேர் எதுவும் சிக்காமலே அவமானப்பட்டு வீடு போயிருக்கிறார்கள். சோதனை எண்ணிக்கைக்கு இலக்கு வைப்பதை அன்றே நிறுத்துங்கள். இலக்கு இருக்கும்வரை, எதிர்த்துக் கேட்க முடியாதவர்களைத்தான் நிறுத்துவார்கள்.

பகுதிக் காவலர்: ஒரே முகம், ஒரே தெரு

அமெரிக்காவின் நியூவார்க்கில் 1978–79இல் நடந்த நடை ரோந்துச் சோதனையில் குற்ற எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. ஆனால் மக்களின் பயம் குறைந்தது. காவல் துறை மீதான திருப்தி கூடியது. நடை ரோந்திடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை இது தெளிவாக்குகிறது.

ஒரு காவலருக்கு 500 முதல் 800 வீடுகள் என்ற அளவில் பகுதியைப் பிரியுங்கள். அதற்கு மேல் போனால் முகம் தெரியாது. வாரம் குறைந்தது 8 மணி நேரம், இரண்டிரண்டு மணி நேரமாக நான்கு முறை, வண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டும். அதில் இரண்டு முறை மாலை 5 மணிக்குப் பிறகு. பகலில் மட்டும் போனால் வேலைக்குப் போகிறவர்களை ஒருநாளும் சந்திக்க முடியாது.

முதல் மூன்று மாதத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை. வாசலில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "யாரையும் தேடி வரவில்லை, எந்தப் பிரச்சினையும் இல்லை. இந்தப் பகுதிக்கு நான்தான் காவலர்." சீருடையைப் பார்த்ததும் வரும் படபடப்பு அடங்கிய பிறகுதான் மற்ற பேச்சு காதில் ஏறும். பிறகு, "இந்தத் தெருவில் உங்களுக்கு எது தொந்தரவாக இருக்கிறது?" கடைசியில் பெயரும் கைபேசி எண்ணும் உள்ள அட்டை. அமெரிக்காவின் நியூ ஹேவனில் இப்படி ஒரே ஒரு சந்திப்பு மட்டும் நடத்திப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது; 21 நாள் கழித்துக் கேட்டபோதும் மக்கள் கருத்தில் முன்னேற்றம் நிலைத்திருந்தது. அந்தச் சந்திப்பில் அடையாள அட்டை கேட்பது, குடியிருப்பவர் எண்ணிக்கையைக் குறிப்பது, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி விசாரிப்பது எதுவும் கூடாது. ஒரு வீட்டில் கேட்டாலும் போதும், மாலைக்குள் தெரு முழுவதும் "கணக்கெடுக்க வந்தார்கள்" என்ற செய்தி பரவிவிடும்.

கூட்டம் நடத்துவது

1993இல் சிகாகோ தொடங்கிய சமூகக் காவல் திட்டத்தின் மையம் மாதந்தோறும் ரோந்துப் பகுதிவாரியாக நடந்த கூட்டங்கள்தான். கூட்டம் நிலையத்தில் நடக்கக் கூடாது. பள்ளிக்கூடம், நூலகம், சமுதாயக் கூடம் போன்ற பொதுவான இடத்தில், 90 நிமிடத்துக்கு மேற்படாமல் நடத்துங்கள். தலைமை தாங்குவது குடியிருப்பவர்களில் ஒருவர், ஆறு மாதத்துக்கு ஒருவராக மாறி மாறி.

முதல் 15 நிமிடம் சென்ற கூட்டத்தில் எடுத்த பொறுப்புகளின் நிலை. முடிந்தது, முடியவில்லை, ஏன் முடியவில்லை. இந்தப் பகுதியை ஒருமுறை விட்டாலும் மூன்றாம் கூட்டத்துக்கு ஆள் வராது. பிறகு புதிய பிரச்சினைகள், அதிகபட்சம் மூன்று. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயர், தேதி. தெருவிளக்கு, குப்பை, உடைந்த வேலி போன்றவை காவல் துறையின் வேலை இல்லைதான். இருந்தாலும் உரிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, பதிலைத் தொடர்ந்து கேட்கும் வேலையை நிலையம் ஏற்பது நல்லது. மக்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். அவை நகர்வதைப் பார்த்த பிறகே பெரிய விஷயங்களை வாய் திறப்பார்கள்.

கூட்டம் கெடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எப்போதும் வரும் அதே எட்டுப் பேர்: சங்க நிர்வாகிகள், கட்சிக்காரர்கள், கடை உரிமையாளர்கள். இரண்டாவது இன்னும் ஆபத்தானது. பெரும்பான்மையினர் கூட்டத்தைப் பயன்படுத்தி வாடகைக்கு இருப்பவர்கள், வெளியிலிருந்து வந்த தொழிலாளர்கள், தெருமுனையில் நிற்கும் இளைஞர்கள் மீது காவல் துறையை ஏவப் பார்ப்பார்கள். "அங்கே நிற்கிற பசங்களை விரட்டுங்க" என்ற கோரிக்கை வந்தால், நின்றது குற்றமா, என்ன செய்தார்கள், எப்போது, யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அதைப் பொறுப்புப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பெண்கள், இளைஞர்கள், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் ஆகியோருக்குத் தனித்தனியே சிறு கூட்டங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அவர்கள் கூடும் இடத்தில், அவர்கள் மொழி தெரிந்தவரை வைத்து.

எந்தக் கூட்டத்திலும் துப்புக் கேட்காதீர்கள். வருபவர்கள் உளவாளிகள் என்று பெயர் வாங்கிவிட்டால் அவர்கள் பாதுகாப்பே கேள்விக்குறியாகும்.

காவலர் மீது புகார் வந்தால்

குற்றம் சாட்டப்பட்டவர் பணிபுரியும் நிலையத்தில்தான் புகார் கொடுக்க வேண்டும் என்றால் அது புகார் முறையே அல்ல. நிலையத்துக்கு வெளியே ஒரு முகவரி, ஒரு தொலைபேசி எண் வேண்டும். அதை நிலையச் சுவரில், வருபவர் கண்ணில் படும் உயரத்தில், பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். மூன்று நாளுக்குள் பெற்றுக்கொண்டதற்கான கடிதம், வேறு பிரிவைச் சேர்ந்த விசாரணை அதிகாரி, முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில். புகார் கொடுத்தவரும் அவர் குடும்பமும் அடுத்த 90 நாளில் எத்தனை முறை நிறுத்தப்பட்டார்கள், அழைக்கப்பட்டார்கள் என்று மேலதிகாரி தனியே பார்க்க வேண்டும். பழிவாங்கல் பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்னத் தொந்தரவாகத்தான் வரும்.

உடலில் அணியும் கேமரா வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வாஷிங்டன் நகரில் 2,000க்கு மேற்பட்ட காவலர்களை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2017இல் வந்தது: பலப் பிரயோகத்திலும் மக்கள் புகார்களிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எப்போது இயக்க வேண்டும், அணைத்தால் என்ன நடவடிக்கை, பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பது என்ற விதிகளும், மாதந்தோறும் தற்செயலாகச் சில பதிவுகளைப் பார்க்கும் வழக்கமும் இல்லாமல் கேமராவுக்குச் செலவு செய்யாதீர்கள்.

பழைய காயம் இருக்கும் இடத்தில்

கடந்த காலத்தில் துப்பாக்கிச் சூடோ காவல் மரணமோ ஒருதலைப்பட்சமான கைதுகளோ நடந்த பகுதியில் மேற்சொன்னவை மட்டும் போதாது. வட அயர்லாந்தில் காவல் துறைச் சீர்திருத்தத்துக்காக அமைந்த பேட்டன் ஆணையம் 1999இல் 175 பரிந்துரைகளைத் தந்தது. 2001இல் காவல் துறையின் பெயர் மாறியது; சின்னமும் மாற்றப்பட்டது. மக்கள் புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கத்தோலிக்கர் அல்லாதோரிடமிருந்து எத்தனை பேரைச் சேர்க்கிறார்களோ அத்தனை கத்தோலிக்கரையும் சேர்க்க வேண்டும் என்ற விதி 2011 வரை இருந்தது. அதனால் ஏறத்தாழ 8 சதவீதமாக இருந்த கத்தோலிக்கர் பங்கு சுமார் 30 சதவீதமாக உயர்ந்தது. ஒரு நிலைய அதிகாரியால் இத்தனையும் செய்ய முடியாது. ஆனால் நடந்ததை மறுக்காமல் இருக்க முடியும். "அது என் காலத்துக்கு முன்பு" என்பது பாதிக்கப்பட்டவர் காதில் மறுப்பாகவே விழும். பாதிக்கப்பட்ட குடும்பங்களைத் தனித்தனியே சந்தித்து, முழுக்கக் கேட்டு, நிலுவையில் உள்ள வழக்கின் நிலையை எழுத்தில் கொடுப்பதுதான் தொடக்கம்.

மோசமான நாளுக்கான ஏற்பாடு

காவலில் ஒருவர் இறக்கலாம். காவலர் சுட்டு ஒருவர் விழலாம். அந்த நாளுக்கான திட்டம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் மருத்துவ உதவி, சம்பவ இடத்தைப் பாதுகாத்தல், வெளி விசாரணை அமைப்புக்குத் தகவல், தொடர்புடைய காவலர்களைத் தனித்தனியே பிரித்தல். ஊடகத்துக்கு முன் குடும்பத்துக்கு, நேரில், மூத்த அதிகாரி மூலம். முதல் அறிக்கையில் உறுதியாகத் தெரிந்தவை, இன்னும் தெரியாதவை, அடுத்த தகவல் எப்போது வரும் என்ற மூன்று மட்டும். இறந்தவரின் பழைய வழக்குகளைச் சொல்வதும், விசாரணைக்கு முன்பே காவலர் மீது தவறில்லை என்று அறிவிப்பதும் கூடவே கூடாது.

2020 மே மாதம் மினியாபொலிஸ் காவல் துறை ஜார்ஜ் ஃபிளாய்டின் மரணம் பற்றி வெளியிட்ட முதல் அறிக்கை, காவலர்களுடனான தொடர்பின்போது ஏற்பட்ட மருத்துவப் பிரச்சினைக்குப் பின் ஒருவர் இறந்தார் என்ற பொருளில் தலைப்பிடப்பட்டிருந்தது. கழுத்தின் மேல் அழுத்தப்பட்ட முழங்கால் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. வழிப்போக்கர் எடுத்த காணொளி சில மணி நேரத்தில் உலகம் முழுவதும் பரவியது. முழங்காலால் அழுத்திய காவலர் 2021இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்த முதல் அறிக்கை, அதற்குப் பிறகு வந்த எல்லா அறிக்கைகளின் மீதும் சந்தேகத்தை ஏற்படுத்திவிட்டது. உங்கள் முதல் அறிக்கையில் பிழை இருந்தால், யாரும் கண்டுபிடிக்கும் முன் நீங்களே எந்த வரி பிழை என்று சொல்லித் திருத்துங்கள்.

நிலையத்துக்குள்

காரணம் சொல்லாமல் விடுப்பு மறுக்கப்படும், 16 மணி நேரம் நின்ற பின் திட்டு வாங்கும் காவலர், மக்களிடம் காரணம் சொல்லி, பொறுமையாகக் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பணிப் பட்டியலை ஒரு வாரம் முன்பே ஒட்டுங்கள். விடுப்பு மறுத்தால் காரணத்தை எழுதுங்கள். தண்டனைக்கு முன் விளக்கம் கேளுங்கள்.

பயிற்சி ஒருநாள் உரையாக இருந்தால் பலன் இருக்காது. அமெரிக்காவின் டூசான், கேம்பிரிட்ஜ், ஹூஸ்டன் நகரங்களில் குற்றம் மிகுந்த 120 தெருக்களில் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. அதில் ஒரு பிரிவுக் காவலர்களுக்கு, மக்களை நியாயமாகவும் மரியாதையாகவும் நடத்துவது பற்றி 40 மணி நேரம் பயிற்சி தரப்பட்டது. வழக்கமான பயிற்சி பெற்றவர்கள் பணிபுரிந்த தெருக்களோடு ஒப்பிட்டால், இவர்கள் பணிபுரிந்த தெருக்களில் கைதுகள் 60 சதவீதத்துக்கு மேல் குறைவு. குற்ற நிகழ்வுகளும் சுமார் 14 சதவீதம் குறைவு. மரியாதை காட்டினால் குற்றவாளிகளுக்குக் குளிர் விட்டுப்போகும் என்று வாதிடுபவர்களிடம் இந்த எண்களைக் காட்டலாம்.

மக்கள் பக்கத்தில் செய்ய வேண்டியவை

"இங்கே பாதுகாப்பே இல்லை" என்ற புகாரை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. எந்த இடம், எந்தக் கிழமை, எத்தனை மணி, என்ன நடந்தது என்று இரண்டு வாரம் குறித்து வைத்துக் கொண்டுபோங்கள். நன்றாக நடந்துகொண்ட காவலரின் பெயரும் எண்ணும் குறிப்பிட்டு மேலதிகாரிக்கு நான்கு வரி எழுதுங்கள். அது அவர் பணிக் கோப்பில் சேரக்கூடும். சொந்தப் பகையைக் கூட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள். இரவுக் காவலுக்கு இளைஞர்களைத் திரட்டினால், அவர்கள் பார்ப்பதும் தெரிவிப்பதும் மட்டுமே. பிடிப்பதும் அடிப்பதும் அவர்கள் வேலை இல்லை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அளப்பதும் ஒப்படைப்பதும்

அதே ஆறு கேள்விகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள். 100 பேரிடம் கேட்டால் விடையில் கிட்டத்தட்ட 10 சதவீதப் புள்ளிகள் வரை ஏறியிறங்க வாய்ப்பு உண்டு. 400 பேரிடம் கேட்டால் 5 வரை. எனவே 3 புள்ளி உயர்வை வெற்றி என்று அறிவிக்காதீர்கள். முடிந்தால் திட்டம் நடக்காத பக்கத்து நிலைய எல்லையிலும் கேட்டு ஒப்பிடுங்கள். இவற்றோடு, சொன்ன தேதியில் நடந்த அழைப்புகளின் விகிதம், சோதனையில் பொருள் சிக்கிய விகிதம், முன்பு அமைதியாக இருந்த பகுதிகளிலிருந்து வரும் புகார்கள் ஆகிய மூன்றையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலைய அறிவிப்புப் பலகையில் போடுங்கள், சாதகமாக இல்லாவிட்டாலும்.

நிலைய அதிகாரி மாறும்போதுதான் பல திட்டங்கள் நின்றுபோகின்றன. ஒப்படைப்புக் கோப்பில் நிலுவைப் பொறுப்புகள், கூட்டங்களின் தேதிகள், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகள், தொடர்பு நபர்களின் ஒப்புதலோடு அவர்களின் எண்கள் ஆகியவை இருக்கட்டும். புதியவர் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே பழைய அதிகாரி அவரை அழைத்துக்கொண்டு பகுதிக் கூட்டத்துக்குப் போய், நிலுவையில் உள்ள ஒவ்வொரு பொறுப்பையும் மக்கள் முன் படித்து, "இனி இது இவர் பொறுப்பு" என்று பெயர் சொல்லி மாற்றிக் கொடுக்க வேண்டும்.